பொம்பளைக்குக் கயிறு கட்டுவதில்லை

ரெண்டாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். ஆனால் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் புளி என்று பேச்சு எடுத்தால் இன்றைக்கு என் ஷெட்டைத்தான் முதலில் சொல்வார்கள். மலைப் புளி எது, கீழே விளைந்த புளி எது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆந்திராவிலிருந்து வரும் வியாபாரி என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் விலை பேசுவான். பேங்குக்குப் போனாலும் தாலுகா ஆபீசுக்குப் போனாலும் எனக்கு நாற்காலி வந்துவிடும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். இவ்வளவு இருந்தும் என் கூடப்பிறந்தவளுக்கு ஒரு கட்டில் பிடிக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வீட்டில் போடும் கட்டிலைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சொல்கிறேன்.

அவள் எனக்கு நேர் இளையவள். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பேரன் எடுத்த பிறகும் பாப்பாதான். சின்ன வயசில் நாங்கள் இரண்டு பேரும் அடுத்தவர் களத்தில் புளி தட்டப் போனோம். கால் மடக்கி உட்கார்ந்து, கல்லின் மேல் புளியை வைத்துக் கட்டையால் தட்டி, ஓடு வேறு நார் வேறு கொட்டை வேறாகப் பிரிக்கும் வேலை. அவள் கை என் கையைவிட வேகம். நான் வியாபாரத்தில் இறங்கியதும் அவளைத்தான் ஷெட்டுக்கு மேஸ்திரி ஆக்கினேன். ஐம்பது பெண்களை ஒரு பார்வையில் வேலை வாங்குவாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்ததும் அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். அவள் வீட்டுக்காரருக்குச் செய்யலாமா என்ற பேச்சே வரவில்லை. எங்கள் பக்கம் அது வராது. முதுகில் ஊசி போட்டார்கள். அன்றையிலிருந்து இடுப்பு வலி என்பாள். பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லாரும் சொன்னோம். அப்போதுதான் அவள் 'செட்' வாங்க ஆரம்பித்தாள்.

செட் என்றால் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மெடிக்கல் கடையில் போய் எங்கே நோவு என்று சொன்னால் போதும். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பாதி சிவப்பு பாதி கறுப்பில் ஒன்று என்று அட்டையிலிருந்து பிரித்து, துண்டுக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அந்த மாத்திரைக்குப் பெயர் கிடையாது. "உடம்பு நோவுக்கு ஒரு செட்டு குடுங்க" என்றால் முடிந்தது. புளி தட்டுகிற பெண்கள் பாதிப் பேர் ஜாக்கெட்டுக்குள் அந்த மடிப்போடுதான் வருவார்கள். ஒருத்தி மறந்துவிட்டு வந்தால் இன்னொருத்தி வெற்றிலையைக் கிள்ளித் தருவது மாதிரி தருவாள். ஆம்பளை வாயில் போட்டால் சரக்கு. பொம்பளை வாயில் போட்டால் மருந்து. இதுதான் எங்கள் ஊர் கணக்கு.

ராத்திரி ஒரு செட் என்று ஆரம்பித்தது காலையில், மத்தியானத்தில், மாலையில் என்று ஏறியது. யாருக்கும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்றால், ஆம்பளை குடித்தால் வேலையை விடுகிறான், அவள் மாத்திரை போட்டால்தான் வேலைக்கே எழுந்தாள். அவள் மாமியார் ஊரெல்லாம் சொல்லுவார்: "எம் மருமவ மெஷினு மாதிரிங்க. உக்காரவே மாட்டா." மெஷினுக்கு எண்ணெய் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்க ஆளில்லை.

அவள் வீட்டுக்காரர் குடித்தது மட்டும் ஊருக்கே தெரியும். பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடப்பார். அவருக்காக ஊரே கூடியது. முதலில் மலையடிவாரத்து முனியப்பன் கோயிலில் கயிறு கட்டினார்கள். கற்பூரத்தின் மேல் அடித்து இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தால் பூசாரி கையில் கறுப்புக் கயிறு கட்டி விடுவார். கயிறு இருக்கிற வரை குடிக்கக் கூடாது. அதற்கு ஒரு வேன் வைத்து, சொந்தபந்தம் எல்லாம் கல்யாணத்துக்குப் போவது மாதிரி போனோம். அவர் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார். மறுபடி கட்டினோம். அப்புறம் குடியை நிறுத்த வைக்கும் ஒரு இல்லத்தில் சேர்த்தோம். என் தங்கச்சி கூடவே கிடந்து துணி துவைத்து, கஞ்சி ஊட்டினாள். அங்கே ஒருத்தர் அவளை உட்கார வைத்து, நீங்கதாம்மா அவர்கிட்ட அனுசரணையா நடந்துக்கணும் என்று புத்தி சொன்னாராம். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாளாம், ஜாக்கெட்டுக்குள் செட்டை வைத்துக்கொண்டு. உனக்கு எப்படிம்மா இருக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் குடியை விட்டுவிட்டு வந்ததும் மாலை போடாத குறை. இன்றைக்கும் நல்லது கெட்டதில் அவரைக் காட்டி, திருந்துனா இவரு மாதிரி திருந்தணும் என்கிறார்கள்.

அப்புறம் ஒரு நாள் மெடிக்கல் கடைகளில் கெடுபிடி வந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுக்கக் கூடாது என்று அதிகாரிகள் சுற்றினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த வாரத்தில் என் தங்கச்சி வேறு ஆள் ஆகிவிட்டாள். வேர்த்துக் கொட்டும், கொட்டாவி விடுவாள், காரணமில்லாமல் அழுவாள். கை நடுங்கும். புளிக் கட்டையைத் தூக்கி ஒருத்தி மேல் எறிந்தாள். நல்ல வேளை, மூட்டையில் பட்டது.

மாமியாரிடம் சொன்னேன். "தீட்டு நிக்கற வயசும்மா பெரியவளே. அப்படித்தான் கெறுக்கு புடிக்கும். நான் எங்க மாமனாரு மேல சொம்ப வுட்டெறிஞ்சவ" என்று சிரித்தார். நானும் சரி என்று வந்துவிட்டேன். ஐம்பது வயசு தாண்டிய இரண்டு பெண்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகுதான் பார்த்தேன். ஷெட்டுக்குப் பின்னால், சாக்கு அடுக்கின சந்தில், தினக்கூலிக்கு வருகிற ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என் தங்கச்சி.

"ஒண்ணே ஒண்ணு குடுடி. சாயந்தரம் திருப்பித் தந்துடறன்."

"ஐயோ, எங்கிட்டயே ஒண்ணுதாங்க்கா இருக்குது. எனக்கு ராத்திரிக்கு வேணுமுங்க."

"பாதியா ஒடைச்சிக் குடுடி. உங்காலுல வேணா வுழறன்."

ஐம்பது பேரை வேலை வாங்குகிறவள் கூலிக்காரியின் காலில் விழப்போனாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆபீஸ் ரூமில் உட்கார வைத்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தினி போடற?"

"எண்ணிப் பாக்கல."

"புளி மூட்டைய எண்ணுவ, ஆளுங்கள எண்ணுவ, இத எண்ண மாட்டியா?"

"அக்கா, நான் என்னா குடிச்சிட்டு ரோட்டுலயா கெடக்கறன்? சோறாக்கலையா? வேலைக்கு வர்லையா? உன் ஷெட்டுல ஒரு கிலோ கொறஞ்சிருக்குதா?"

குறையவில்லைதான்.

தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அவளை வெளியே உட்காரச் சொன்னார். "கிட்னி கெட்டுக்கிட்டு வருதும்மா. இன்னும் இப்படியே போனா டயாலிசிஸ்தான். ஆனா வீட்டுலயே வச்சு ஒரேயடியா நிறுத்தக் கூடாது, ஃபிட்ஸ் வந்துடும். எங்கயாவது அட்மிட் பண்ணி, கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு நிறுத்தணும். சீக்கிரம் பாருங்க" என்றார். சீக்கிரம் என்றால் எவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். இன்னிக்கே என்றார்.

எனக்கென்ன, பழகின இடம் இருக்கிறதே. அவள் வீட்டுக்காரரைச் சேர்த்த அதே இல்லத்துக்குப் போனேன். வாசலில் ஒரு பெரிய போர்டு. பாட்டிலின் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு. பக்கத்தில் தலைமுடி கலைந்து ஒரு பெண் அழுகிறாள், காலைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை. உள்ளே இருந்த மேனேஜர் என்னைக் கண்டதும் எழுந்து வணக்கம் போட்டார்.

"வாங்கம்மா. மறுபடியும் ஆரம்பிச்சுட்டாருங்களா?"

"அவரு நல்லாத்தான் இருக்கறாரு. இது எந் தங்கச்சிக்கு."

"தங்கச்சி வூட்டுக்காரருக்குத்தானுங்களே?"

"தங்கச்சிக்கு. மாத்திரை."

அவர் முகம் கறுத்தது. "லேடீஸ் எடுக்கறதில்லைங்கம்மா. பாத்ரூம் ஒண்ணுதான் இருக்குது. அம்பது ஆம்பளைங்க. நீங்களே யோசிங்க."

"பொம்பளைங்களுக்கு எங்கதான் இருக்குது?"

"அந்த மாதிரி கேசு நமக்கு வர்றதில்லைங்களே. பொம்பளைங்க அந்தளவுக்குப் போறதில்லைங்க."

சேர்ப்பதில்லை, அதனால் வருவதில்லை. வருவதில்லை, அதனால் சேர்ப்பதில்லை. இதற்குப் பேர் என்ன நியாயமோ. "போர்டுல ஒரு பொம்பள இருக்கறாளே, அவ எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அவருக்குப் புரியவில்லை.

இன்னும் இரண்டு மூன்று இடம் கேட்டேன். ஒரு இடத்தில், வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் சேர்ந்தபோது என் தங்கச்சியை யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை, நாங்களே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டோம். சரி என்று அவரிடம் போனேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரைக்குப் போயி ஆஸ்பத்திரியா? வுட்டுடுன்னா வுட்டுட்டுப் போறா" என்றார், கயிறு இரண்டு தடவை அறுத்தவர்.

"நீங்க வுட்டீங்களா மாப்ள, வுட்டுடுன்னதும்?"

"அது வேறங்க்கா. அது போதை." டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "இண்டூர்ல பொண்ணைக் குடுத்த வூட்டுக்குத் தெரிஞ்சா என்னா நெனைப்பாங்க? அம்மாக்காரி இப்படின்னா பொண்ணு எப்படியோன்னுவாங்க. அப்பன் குடிச்சதெல்லாம் ஒண்ணும் சொல்லல. இத சொல்லுவாங்க" என்றார். அந்த ஒரு பேச்சு மட்டும் உண்மை. அதனால்தான் எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது.

இதற்கிடையில் அவளே வந்து கேட்டாள். "அவருக்குக் கட்டின மாதிரி எனக்கும் முனியப்பன் கோயில்ல கயிறு கட்டி வுடுக்கா. நானும் வுட்டுடறன்."

வேன் எல்லாம் வைக்கவில்லை. இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். பூசாரி தட்டிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தார்.

"வூட்டுக்காரரு வர்லீங்களா? ஆளு நேர்ல வரோணும். போட்டோவுக்கெல்லாம் கட்டறதில்லைங்க."

"ஆளு வந்திருக்குது. இவளுக்குத்தான்."

"ஆத்தா, பொம்பளைக்குக் கயிறு கட்டறதில்லைங்களே. பொம்பளைக்குக் கட்டற கயிறு ஒண்ணுதான், அதத்தான் ஏற்கனவே கட்டிட்டாங்களே" என்று சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். கெட்ட மனுஷன் இல்லை. சிரித்து முடித்ததும் அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் கொஞ்சம் தணிந்தார். "சரி, என்னா சாப்புடறீங்க? சாராயமா?"

"மாத்திரைங்க" என்றாள்.

"என்னா மாத்திரை?"

"நோவு மாத்திரைங்க. செட்டு."

அவர் கையில் கயிறோடு யோசித்தார். "சாமி மேல சத்தியமா பிராந்தி, சாராயம், கள்ளு தொடமாட்டேன்னு சொல்ல வைப்பன். மாத்திரைய தொடமாட்டேன்னு எப்படி சொல்ல வைக்கறது? நாளைக்குக் காய்ச்சல் வந்தா? பிபி வந்தா? மாத்திரை போட்டா சாமி குத்தமாயிடும். போடலைன்னா ஆளு போயிடும். அந்தப் பாவம் எனக்கெதுக்குங்க ஆத்தா?"

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கள்ளுக்குப் பேர் இருக்கிறது, சாராயத்துக்குப் பேர் இருக்கிறது. இவள் விட வேண்டியதற்குச் சாமிக்குச் சொல்ல ஒரு பேர் இல்லை. விபூதி மட்டும் பூசி அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது அவள் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தாள். "சாமிகூட ஆம்பளைங்களுக்குத்தான் வைத்தியம் பாக்குதுக்கா" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் சேலத்தில் ஒரு டாக்டரம்மா, தனி வார்டு இல்லை, பெண்கள் பொது வார்டில் ஒரு ஓரக் கட்டில் தருகிறேன், கூட ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும் என்றார். அவள் வீட்டுக்காரருக்கு வேலை இருந்ததாம். மாமியாருக்கு முழங்கால் வலி. மகள் இண்டூரிலிருந்து வரக் கூடாது, ஏனென்றால் அவளுக்குச் சொல்லவில்லை. புளிக்கு நடு சீசன். லாரி வந்து நிற்கிறது, நான் போனில் சரக்கை விற்றுக்கொண்டு ஆஸ்பத்திரித் தரையில் பாய் போட்டுப் படுத்தேன். என்னைத் தவிர வேறு ஆளாக இருந்தால் அந்த சீசனில் ஷெட்டே மூழ்கியிருக்கும். நான் மூழ்க விடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் முதல் வாரம் என்னைத் திட்டாத திட்டு இல்லை. காலைப் பிசைந்துவிடு என்பாள், பிசைந்தால் உதைப்பாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முகம் தெளிந்தது. ஒரு காலையில் இட்லிக்குச் சட்னியில் உப்பு இல்லை என்றாள். நான் சந்தோஷத்தில் அந்தச் சட்னியையே மறுபடி வாங்கி வந்தேன்.

இப்படி மீட்டுக்கொண்டு வந்தவளைத்தான் வீட்டு வாசலிலேயே தொலைக்கப் பார்த்தோம். ஊருக்கு என்ன சொல்லியிருந்தோம் தெரியுமா? கர்ப்பப்பை ஆபரேஷன். அவள் வீட்டுக்காரரும் மாமியாரும் சொன்னார்கள், நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், கட்டில் கிடைத்தால் சரி என்று. கர்ப்பப்பை எடுத்தவளைப் பார்க்க வராமல் இருப்பார்களா? ஆப்பிளும் ரொட்டியுமாக வந்தார்கள். எத்தனை தையல், எங்கே வெட்டினார்கள் என்று கேட்டார்கள். அவளும் ஏதோ சொன்னாள்.

பக்கத்து வீட்டுக்காரி, எங்களோடு சின்ன வயசிலிருந்து புளி தட்டினவள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் எடுத்தப்ப நாலு மாசம் உசுரு போயி உசுரு வந்துச்சுடி. டாக்டரு குடுக்கறதெல்லாம் கேக்காது. இத வச்சுக்க. இப்ப மெடிக்கல்ல மறுபடி குடுக்கறாங்க. இந்த செட்டுதான் என்னை நடக்க வச்சுது."

மடித்த காகிதத்தை அவள் உள்ளங்கையில் வைத்தாள். என் தங்கச்சியின் விரல்கள் மூடிக்கொண்டன. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவள் சுவரைப் பார்த்தாள்.

"வாங்கிக்கம்மா, ஆசையா குடுக்கறாங்க" என்றார் மாமியார்.

"அவகிட்ட இருந்து அத வாங்குங்க" என்றேன்.

"ஏங்க்கா, நல்ல மாத்திரைதாங்க. நான் தெனமும் போடறன்."

"இவ ஆபரேஷனுக்குப் போவல. இந்த மாத்திரைய நிறுத்தத்தான் போனா. இதுக்கு அடிமையா கெடந்தா. இனி ஒண்ணு போட்டாலும் மறுபடி அங்கதான் போவா."

கூடத்தில் அத்தனை பேர் முன்னாலும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கோபம் வந்தது. "அப்ப நான் என்னா சாராயமா குடுத்தன்? ஊரே போடறது. அப்படிப் பாத்தா நாங்க எல்லாம் குடிகாரிங்களா?" என்று எழுந்தாள். ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. அவள் என்னையே முறைத்துக்கொண்டு நின்றாள். என் ஷெட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள்.

என் தங்கச்சி மடிப்பைத் தரையில் எறிந்தாள். "நீதான் பெரிய ஆளாச்சே. மைக்கு செட்டு கட்டி சொல்லு" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாத்திரைகள் சிதறி உருண்டன. நான்தான் குனிந்து பொறுக்கினேன், வந்தவர்களோடு வந்த பிள்ளை எதுவும் வாயில் போட்டுவிடக் கூடாது என்று.

இண்டூருக்குச் செய்தி அன்றைக்கே போய்விட்டது. மகள் போனில் அழுதாள். சம்பந்தி அம்மா ஒரு மாசம் பேசவில்லை, அப்புறம் பேசினார். தங்கச்சி வீட்டுக்காரர், எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க என்று என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரி வேலைக்கு வருகிறாள், செட்டும் போடுகிறாள், என்னைப் பார்த்தால் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு போடுகிறாள். நான் வாய் கிழியச் சொன்னதில் ஒருத்தியாவது நிறுத்தினாளா என்றால் எனக்குத் தெரிந்து இல்லை.

தங்கச்சி என்னோடு பேசுவதில்லை. ஆனால் டாக்டரம்மா வரச் சொன்ன தேதிக்குத் தப்பாமல் சேலம் பஸ்ஸுக்கு வந்து நிற்கிறாள். நானும் போய் நிற்கிறேன். அவள் முன்னால் உட்காருவாள், நான் பின்னால். ரத்தம் எடுக்கக் கையை நீட்டும்போது முகத்தைச் சுளிப்பாள், வேறு எதுவும் சொல்ல மாட்டாள். கிட்னி இருந்த அளவுக்கு மேல் கெடவில்லையாம். இனியும் கெடாமல் இருக்க வேண்டும் என்றால் வந்துகொண்டே இருக்க வேண்டுமாம்.

போன தடவை பஸ்ஸில் எங்களைத் தெரிந்த பழைய கண்டக்டர். அவளிடம் டிக்கெட்டைக் கிழிக்கப் போனவர் என்னையும் பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் சேத்துத்தானுங்களே?" என்று கேட்டார்.

"இல்லீங்க, தனித்தனி" என்றாள்.

அவள் டிக்கெட்டை அவள் எடுத்தாள். நான் என் டிக்கெட்டை எடுத்துக்கொண்டேன்.